வறட்சிக்கு அஞ்சாத புதர்



மரிக்கொழுந்தை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. மல்லிகைச் சரத்தின் இடையிடையே வைத்துத் தொடுக்கப்படும் அச்சிறு தழைக்குக் கண்ணைக் கவரும் மலர் இல்லை. பளிச்சிடும் நிறமும் இல்லை. ஆயினும் சரம் வாடிய பின்னரும் அதன் மணம் கூந்தலிலும் கையிலும் தங்கி நிற்கும். இந்த மரிக்கொழுந்துக்கு உறவான செடி ஒன்று உலகின் மறுபுறத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு மலைநாடுகளில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை புதர் புதராய் நிற்கின்றது. தாவர நூலார் இவ்விரண்டையும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமிசியா என்னும் ஒரே பேரினத்தில் வைப்பர். அமெரிக்க மக்கள் அப்புதரைச் சேஜ்பிரஷ் என்று அழைக்கின்றனர். மேனாட்டார் சமையலில் சேர்க்கும் சேஜ் என்னும் தழையின் மணத்தை அது நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது. மற்றபடி அவ்விரண்டுக்கும் உறவு கிடையாது.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, வெறும் புதர்தானே என்று எண்ண வேண்டாம். பனிக்கும் வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாது பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்துநின்ற இப்புதர், இன்று நம் கண்முன் அழிந்துகொண்டிருக்கிறது. அது எவ்வாறு நின்றது, எதனால் வீழ்கின்றது என்பதை அறிவது நமக்கும் நல்லது.

மழை மறந்த நாடு

வரைபடத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை நோக்குங்கள். பசிபிக் பெருங்கடலிலிருந்து எழும் மழைமேகங்கள் கலிபோர்னியாவைத் தாண்டுமுன் சியரா நெவாடா என்னும் நெடிய மலைத்தொடரில் மோதித் தம்மிடமுள்ள நீரைப் பெரிதும் அங்கேயே கொட்டிவிடுகின்றன. மலைக்கு அப்பால் இருக்கும் நிலத்துக்கு எஞ்சியது மட்டுமே கிட்டும். அம்மலைக்கும் கிழக்கே யூட்டா மாநிலத்திலுள்ள வாசாட்ச் மலைக்கும் இடைப்பட்ட பெருநிலத்தைப் 'பெரும் வடிநிலம்' என்று குறிப்பிடுவர். அங்கு ஓடும் ஆறுகள் எந்தக் கடலையும் அடைவதில்லை. உப்பேரிகளிலும் மணற்பரப்பிலும் ஓடி மறைந்துபோகின்றன.

சேஜ்பிரஷ் வளரும் இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 200 முதல் 400 மில்லிமீட்டர் வரையே மழையும் பனியும் விழும். அதிலும் பெரும்பகுதி, செடிகள் வளர இயலாத குளிர்காலத்தில் பனியாக விழுகின்றது. கோடையிலோ வானம் வறண்டு, நிலம் வெடித்துக் கிடக்கும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிவிடும். இத்தகைய நாட்டில், நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஓரிகன், வயோமிங் முதலிய மாநிலங்களில், பள்ளத்தாக்கு முதல் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயர மலைச்சரிவு வரை இப்புதர் வேரூன்றி நிற்கிறது. நெவாடா மாநிலம் 1917-ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டது. அம்மாநிலக் கொடியிலும் வெள்ளி விண்மீனைத் தாங்கி நிற்பன இப்புதரின் இரு கிளைகளே.

மூன்று பல் இலையும் இருவகைத் தழையும்

பெரிய சேஜ்பிரஷ் என்னும் இவ்வினத்துக்கு ஆர்ட்டிமிசியா டிரைடென்ட்டாட்டா என்ற அறிவியற் பெயரைத் தாமஸ் நட்டால் என்னும் தாவர அறிஞர் 1841-இல் வழங்கினார். டிரைடென்ட்டாட்டா என்றால் மூன்று பல் உடையது என்று பொருள். ஆப்புப் போன்ற சிறிய இலையின் நுனியில் மூன்று பற்கள் இருப்பதைக் கண்டே அவ்வாறு பெயரிட்டார். பெரும்பாலும் இடுப்பளவு உயரமே வளரும் இப்புதர், ஆழமான மண் வாய்த்த இடங்களில் ஆள் உயரத்தையும் தாண்டும். அடிமரம் முறுக்கேறி, பட்டை நார்நாராய் உரியும். சாதாரணமாக 40, 50 ஆண்டுகள் வாழும். நூறாண்டைக் கடந்தவையும் உண்டு.

இலைமேல் வெள்ளி போன்ற நுண்மயிர் அடர்ந்திருக்கும். அது கடும் வெயிலைத் திருப்பி அனுப்பி, வறண்ட காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடாமல் காக்கின்றது. தொலைவிலிருந்து பார்க்கும்போது மலைச்சரிவு முழுவதும் சாம்பல் படர்ந்த பச்சையாகத் தோன்றுவது இதனாலேயே. இலையில் ஊறும் எண்ணெய் கற்பூர மணமும் மிகுந்த கசப்பும் உடையது. மழை பெய்து ஓய்ந்தவுடன் அந்நாடு முழுவதும் இம்மணம் கமழும். விலங்குகள் பலவும் இதை அளவுக்கு மேல் தின்னாதவாறு காப்பது அக்கசப்பே.

வரவறிந்து செலவு செய்யும் இல்லத்தரசியை ஒத்தது இப்புதர். வேனிற்காலத் தொடக்கத்தில் பனி உருகி மண் ஈரமாயிருக்கும்போது பெரிய இலைகளை விரைவாக விடும். கோடை கடுமையாகி ஈரம் குறைந்ததும் அப்பெரிய இலைகளை உதிர்த்துவிட்டுச் சிறிய இலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும். அச்சிறிய இலைகள் குளிர்காலம் முழுவதும் உதிராமல் நிற்கும். ஆகவே, பனி உருகத் தொடங்கியதும் மற்றச் செடிகள் தளிர்க்குமுன் இது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இரவில் நீர் இறைக்கும் வேர்

இப்புதரின் பெருமையெல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இதற்கு இருவகை வேர்கள் உண்டு. ஒன்று, மேல்மண்ணில் வலைபோல் பரவி, உருகும் பனிநீரையும் எப்போதேனும் பெய்யும் சிறு மழையையும் உடனே பற்றிக்கொள்வது. மற்றொன்று, சில மீட்டர் ஆழம் நேரே இறங்கி, கோடையிலும் வற்றாத அடிமண் ஈரத்தைத் தேடிச் செல்வது.

யூட்டா மாநிலத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்னும் இரு அறிஞர்கள் 1987-இல் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டனர். பகலில் இலைகள் நீரை மேலே இழுக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. ஆழத்து ஈரமண்ணிலிருந்து வேருக்குள் ஏறிய நீரோ நிற்பதில்லை. மேல்வேர்களுக்கு வந்து, அங்குள்ள உலர்ந்த மண்ணில் கசிகின்றது. மறுநாள் பொழுது விடிந்ததும் புதர் அந்நீரை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் நீர் இறைத்துத் தொட்டியில் நிரப்பி வைத்துப் பகலில் செலவிடுவது போன்ற ஏற்பாடு இது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அடையாளம் காணத்தக்க கன ஹைட்ரஜன் கலந்த நீரைப் புதரின் ஆழ்வேர்களுக்கு ஊட்டிப் பார்த்தனர். அந்நீர் பக்கத்தில் வளர்ந்த புல்லிலும் காணப்பட்டது! புதர் தனக்கென இறைத்து வைத்த நீரில் அண்டை அயலாரும் பங்கு பெறுகின்றனர் என்பது இவ்வாறு விளங்கிற்று.

மற்றுமொரு செய்தி. ஒரு புதரின் இலையைப் பூச்சி கடித்தாலோ கத்தரியால் வெட்டினாலோ அது ஒருவித மணத்தை வெளியிடுகிறது. அம்மணம் எட்டும் தூரத்திலுள்ள மற்றப் புதர்கள் பூச்சியின் தாக்குதலைத் தடுக்க முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்பன் தம் தோழர்களுடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதனை நிறுவினார். நெருங்கிய உறவுடைய புதரிலிருந்து வரும் எச்சரிக்கைக்கு அவை இன்னும் நன்றாகச் செவிசாய்க்கின்றன என்றும் 2013-இல் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

அண்டி வாழ்வோர்

குளிர்காலத்தில் இப்புதர்கள் காற்றில் பறக்கும் பனியைத் தடுத்துத் தம் அடியில் தேக்குகின்றன. பனி உருகும்போது அந்த ஈரம் அவ்விடத்து மண்ணிலேயே இறங்குகிறது. கோடையில் இவற்றின் நிழலில் புற்களும் பூஞ்செடிகளும் முளைத்துப் பிழைக்கின்றன. பறவை, விலங்கு, செடி எனப் பலவாறாக 350-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இப்புதர்க்காட்டை நம்பி வாழ்கின்றன என்பது அறிஞர் கணக்கு.

அவற்றுள் முதலாவதாகச் சொல்லத்தக்கது சேஜ் குரௌஸ் என்னும் காட்டுக்கோழி. வேனில் தொடங்கும் நாட்களில் சேவல்கள் வைகறையில் ஆண்டுதோறும் அதே திறந்தவெளியில் கூடி, தோகையை விசிறிபோல் விரித்து, மார்பிலுள்ள காற்றுப்பைகளை உப்பி ஒலி எழுப்பி ஆடும். பேடுகள் அவ்வாட்டத்தைக் கண்டு துணையைத் தேர்ந்தெடுத்து, பின்னர்ப் புதர் அடியில் முட்டையிடும். குளிர்காலத்தில் இப்பறவைக்கு உணவு ஏறத்தாழ முழுவதும் சேஜ்பிரஷ் இலையே. மற்ற விலங்குகள் ஒதுக்கும் கசப்பு இலையை உண்டு அது உயிர் வாழ்கிறது. வட அமெரிக்காவிலேயே மிகச் சிறியதான குள்ள முயலும் இப்புதரின் அடியில் வளை தோண்டி, குளிர்காலம் முழுவதும் இவ்விலையையே தின்னும். புதர் போனால் இவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

மனிதரும் இப்புதரை அண்டி வாழ்ந்தவரே. ஓரிகன் மாநிலத்தில் ஃபோர்ட் ராக் என்னும் இடத்துக் குகையில் லூத்தர் கிரெஸ்மன் என்ற அறிஞர் 1938-இல் அகழாய்வு நடத்தினார். பண்டைய எரிமலைச் சாம்பல் அடுக்கின் கீழே, சேஜ்பிரஷ் பட்டையை முறுக்கிப் பின்னிய காலணிகள் பல்லாண்டுக் கணக்கில் கெடாமல் கிடந்தன. அவை மிகப் பழையன என்று அவர் கூறியபோது ஐயுற்றோர் பலர். 1951-இல் கதிர்க்கரிம முறையில் ஆராய்ந்தபோது அவை 9,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை எனத் தெரிந்தது. பையூட், ஷொஷோனி முதலிய தொல்குடி மக்கள் அண்மைக்காலம் வரை இப்பட்டையால் ஆடையும் பாயும் முடைந்தனர். இலையை மருந்தாகவும் கொண்டனர்.

பயனற்றது என்றனர்

19-ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து குடியேற வந்தவர்களின் பார்வை வேறாக இருந்தது. அவர்களுக்கு இது வண்டிச் சக்கரத்தைத் தடுக்கும் முட்புதர் போன்ற இடையூறு. மிஞ்சிப்போனால் அடுப்புக்கு விறகு. 1861-இல் இவ்வழியே குதிரை வண்டியில் சென்ற மார்க் டுவைன், பின்னர் எழுதிய பயண நூலில், எரிப்பதற்கு இது சிறந்தது என்றும் உண்பதற்கு உதவாது என்றும் வேடிக்கையாகக் குறித்திருக்கின்றார்.

வேடிக்கை பின்னர் வினையாயிற்று. கால்நடைக்கு உதவாத இப்புதரை நீக்கிவிட்டால் புல் செழிக்கும், புல் செழித்தால் மாடு கொழுக்கும் என்று கணக்கிட்டனர். 1950 முதல் 1970 வரையிலான ஆண்டுகளில் விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தும், இரு டிராக்டர்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்தும், ஏர் பூட்டி உழுதும் பல இலட்சம் ஏக்கரில் புதரை அழித்தனர். அவ்விடங்களில் அயல்நாட்டுப் புல்லை விதைத்தனர். இரவெல்லாம் நீர் இறைத்துப் புல்லையும் வாழவைத்தது இப்புதர்தான் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

ஏமாற்றுப் புல்

எனினும், இப்புதருக்கு வந்த பெருங்கேடு களைக்கொல்லியாலும் ஏராலும் வந்ததன்று. ஒரு புல்லால் வந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வளரும் புல்வகை ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விதையோடு கலந்து அமெரிக்கா வந்து சேர்ந்தது. அதனை அந்நாட்டார் சீட்கிராஸ், அதாவது ஏமாற்றுப் புல் என்பர். அளவுக்கு மிஞ்சிய ஆடுமாடுகள் மேய்ந்து நாட்டுப் புற்களை அழித்திருந்த வேளையில், வெறுமையான அந்நிலங்களில் இது புகுந்து பரவிற்று. 1930 வாக்கில் மேற்கு மாநிலங்கள் பலவற்றிலும் இது நிலைபெற்றுவிட்டது. வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு, 1949-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் இப்புல்லின் படையெடுப்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இப்புல் இலையுதிர்காலத்தில் முளைத்து, மற்றச் செடிகள் விழிக்குமுன் ஈரத்தை உறிஞ்சி வளர்ந்து, சூன் மாதத்துக்குள் விதையை உதிர்த்துக் காய்ந்துவிடும். முற்காலத்தில் ஒரு புதருக்கும் மறு புதருக்கும் இடையே வெற்றுமண் இருந்தது. இடி விழுந்து ஒரு புதர் பற்றினாலும் நெருப்பு அடுத்ததற்கு எளிதில் தாவாது. இப்போது அந்த இடைவெளி முழுவதும் உலர்ந்த புல் நிறைந்து, வைக்கோல் பரப்பிய களம் போலாகிவிட்டது. ஒரு மின்னலோ கவனமின்றி எறிந்த ஒரு நெருப்புத்துண்டோ போதும். மலை முழுவதும் எரியும்.

இங்கேதான் இப்புதரின் மறைந்திருந்த பலவீனம் வெளிப்படுகின்றது. எரிந்தபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் இதற்கு இல்லை. எரிந்தால் செத்தது செத்ததே. விதையால் மட்டுமே மீள வேண்டும். அவ்விதையோ மிக நுண்ணியது. பெரும்பாலும் தாய்ப்புதருக்குச் சில அடி தூரத்திலேயே விழுவது. மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இராதது. ஆகவே நெருப்பின் விளிம்பிலிருந்து புதர் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வரப் பல பத்தாண்டுகள் ஆகும். வறண்ட இடங்களில் ஒரு நூற்றாண்டும் ஆகலாம். ஏமாற்றுப் புல்லோ அடுத்த வேனிலிலேயே முன்னிலும் அடர்ந்து முளைத்து, அடுத்த நெருப்புக்கு விறகாகின்றது. முன்பு பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையோ, நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையோ எரிந்த நிலம், சில இடங்களில் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரியத் தொடங்கிவிட்டது. அத்தனை விரைவாக மீளும் வல்லமை எந்தச் சேஜ்பிரஷுக்கும் இல்லை.

2018-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நெவாடா மாநிலத்தின் வடபகுதியில் மூண்ட மார்ட்டின் நெருப்பு, ஏறத்தாழ 4,35,000 ஏக்கர் நிலத்தைச் சில வாரங்களுக்குள் எரித்தது. மேய்ச்சல்காரர் பலர் தம் மாடுகளையும் வேலிகளையும் இழந்தனர். காட்டுக்கோழிகள் கூடி ஆடிய வெளிகளும் கருகின. 2001 முதல் 2020 வரையிலான காலத்தை ஆராய்ந்து அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 2022-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 இலட்சம் ஏக்கர் செழிப்பான சேஜ்பிரஷ் நிலம் சீர்கெடுகிறது என்று தெரிவித்தது. சேஜ் குரௌஸ் பறவையின் தொகை 1965-க்குப் பின் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்துவிட்டதென அதே துறை 2021-இல் கணக்கிட்டது.

சிறையில் வளரும் நாற்று

இழந்ததை மீட்க மக்கள் முயலாமல் இல்லை. காட்டுக்கோழியை அழிநிலை உயிரினப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 11 மாநிலங்களில் அரசும் மேய்ச்சல்காரரும் சேர்ந்து நிலத்தைக் காக்க இசைந்ததால் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என 2015-இல் அந்நாட்டு அரசு முடிவு செய்தது. அந்த இசைவு காப்பாற்றப்படுமா என்ற வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

எரிந்த நிலத்தில் விமானத்திலிருந்து விதை தூவுகின்றனர். ஆயினும் மழை தவறினால் அதில் முளைப்பது மிகக் குறைவு. விதையிலும் விழிப்பு வேண்டும். பள்ளத்தாக்குவகை, வறண்ட மேட்டுவகை, மலைவகை எனப் பெரிய சேஜ்பிரஷில் உட்பிரிவுகள் உண்டு. பார்வைக்கு ஒன்று போலிருப்பினும் ஒன்றின் மண்ணில் மற்றொன்று செழிப்பதில்லை. மலைவகையின் இலையை நீரிலிட்டுப் புறஊதா ஒளியில் காட்டினால் அந்நீர் நீலநிறமாய் ஒளிரும். வறண்ட மேட்டுவகையில் அவ்வொளி மங்கலாகவே தோன்றும். இவ்வாறு பிரித்தறிந்து அந்தந்த மண்ணுக்குரிய விதையைத் தேட வேண்டியிருக்கிறது. முன்பு புதரைக் கொல்லக் களைக்கொல்லி தெளித்த நாட்டில், இன்று புதரைக் காப்பதற்காக ஏமாற்றுப் புல்லின்மீது களைக்கொல்லி தெளிக்கின்றனர்! காலம் கற்பித்த பாடம் அது.

விதையைவிட நாற்று நட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அத்தனை நாற்றுகளை வளர்ப்பது யார்? 2014-இல் ஓரிகன் மாநிலச் சிறை ஒன்றில் கைதிகளைக் கொண்டு சேஜ்பிரஷ் நாற்று வளர்க்கும் பணி தொடங்கிற்று. பின்னர் வேறு மாநிலச் சிறைகளுக்கும் அது பரவியது. வேனிலில் விதையிட்டு, கோடை முழுவதும் நீரூற்றி, இலையுதிர்காலத்தில் அந்நாற்றுகளை எரிந்த நிலத்துக்கு அனுப்புகின்றனர். சமுதாயம் ஒதுக்கிய மனிதர், ஒரு காலத்தில் சமுதாயம் ஒதுக்கிய செடியைக் கைக்குழந்தைபோல் பேணி வளர்க்கும் காட்சி உள்ளத்தைத் தொடுவதன்றோ? ஒரு நாளில் எரிந்ததை மீட்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டும். தாம் நட்ட நாற்று காடாவதை நட்டவர் காண்பது அரிது. அறிந்தும் நடுகின்றனர்.

நாம் கற்பது

இப்புதரைக் கடினமானது, எதையும் தாங்குவது என்று எல்லாரும் கூறினர். பனியைத் தாங்கியது, வறட்சியைத் தாங்கியது, மேய்ச்சலையும் தாங்கியது. எனவே எதையும் தாங்கும் என்று நம்பி, அதன்மேல் எதை வேண்டுமானாலும் சுமத்தலாம் எனக் கருதிவிட்டனர். தாங்கும் ஆற்றல் வேறு, அழியாமை வேறு என்பதை நெருப்பு வந்த பிறகே உணர்ந்தனர்.

நம் இல்லங்களிலும் இத்தகையோர் உண்டு. இரவெல்லாம் உழைத்துத் தம்மைச் சுற்றியிருப்போர்க்கு நீர் வார்ப்பவர். எதற்கும் முகம் சுளிக்காதவர். ஆதலால் எவரும் கேட்டுப் பாராதவர். அவர் தாயாக இருக்கலாம். மூத்த மகளாக இருக்கலாம். வயல்வரப்பில் நின்றே முதுமை எய்திய தாத்தாவாக இருக்கலாம். 'அவருக்கென்ன, எதையும் தாங்குவார்' என்று நாம் சொல்லும் அந்த ஒருவரிடம் இன்றைக்கே சென்று, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டுப் பார்ப்போம்.

அடுத்த முறை மல்லிகைச் சரத்தில் மரிக்கொழுந்தின் மணம் வீசும்போது, தொலைநாட்டு மலைச்சரிவில் நின்று போராடும் அதன் உறவினரையும் நினைத்துக்கொள்வோம்.